ஹியூம் துரையும் எடாவா ஏரிகளும்

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது 1885-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 28-ந் தேதி பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபை. கோகுல்தாஸ் தேஜ்பால் ஸம்ஸ்கிருத கலாசாலையில் 72 பிரதிநிதிகள் அமர்ந்திருந்த அந்தச் சபைக்கு வழி கோலியவர்களில் அவர் முதன்மையானவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அந்த டிசம்பர் மாதத்துக்கு முன் கால் நூற்றாண்டுக்கு மேலாக அவருடைய உள்ளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது வேறொரு வேலை. அவர் இந்தியாவின் பறவைகளைக் கணக்கெடுத்துக் கொண்டிருந்தார். காங்கிரஸின் சரித்திரம் எழுதுவோர் இந்த வேலையை ஒரு துரையின் பொழுதுபோக்கு என்று ஒரு வரியில் சொல்லித் தாண்டிவிடுகிறார்கள். பட்சி சாஸ்திரிகளோ காங்கிரஸை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஒரே மனிதரை இரு சாராரும் பாகப்பிரிவினை செய்துகொண்டு, தத்தம் பங்கோடு திருப்தி அடைந்துவிட்டதாகவே நமக்குத் தோன்றுகிறது.

ஐப்பசி பிறந்து, ஏரிகளில் புது நீர் ஏறி, வடக்கேயிருந்து வாத்தினங்களும் உள்ளான்களும் இறங்கத் தொடங்கும் பருவம் இது. வேடந்தாங்கலில் இறங்கும் ஊசிவால் வாத்தும், திருநெல்வேலிச் சீமையின் கூந்தங்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தும், வடதேசத்து ஏரிகளில் ஹியூம் கண்டு எழுதிய இனங்களே. ஆதலின் அவருடைய ஜீவியத்தில் நம்மவர் மறந்த பாதியைச் சொல்ல இதுவே தக்க பருவம் எனக் கருதுகிறோம்.

ஹியூம் 1829-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்தார். தகப்பனார் ஜோஸப் ஹியூம் ஸ்காத்லாந்துக்காரர். கம்பெனியின் ராணுவத்தில் வைத்தியராக இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பி, பார்லிமெண்டில் தீவிரவாதிகளுக்குத் தலைவராக விளங்கியவர். ஸர்க்கார் செலவுப் பட்டியில் ஒவ்வோர் இனத்தையும் எடுத்துக் குறுக்குக் கேள்வி கேட்பதே அவருக்கு வாழ்நாள் தொழிலாக இருந்தது. பட்டியலைப் பார்த்தால் ஒன்றுவிடாமல் சரிபார்க்கும் குணம் மகனுக்குப் பிதிரார்ஜிதமாக வந்தது போலும்! ஹெயிலிபரியில் கம்பெனியாருடைய கலாசாலையிலும், பின்பு லண்டன் யூனிவர்ஸிடி காலேஜ் ஆஸ்பத்திரியிலும் பயின்று, 1849-ல் வங்காள ஸிவில் உத்தியோகத்தில் சேர்ந்து, வடமேற்கு மாகாணத்தில் எடாவா என்னும் ஜில்லாவுக்கு அவர் வந்து சேர்ந்தார். யமுனைக் கரையில் அமைந்த அந்த ஜில்லா இன்று உத்தரப் பிரதேசத்தில் உள்ளது.

எடாவாவில் அவர் கலெக்டராக இருந்து செய்த காரியங்களைத் தனியே எழுதினால் அதுவே ஒரு புஸ்தகமாகும். 1857-க்குள் அங்கே 181 பாடசாலைகள் ஏற்பட்டு, 5,186 பிள்ளைகள் படித்து வந்தனர். அவர்களுள் பெண் குழந்தைகள் இரண்டே இரண்டு பேர். சாராய வருமானத்தைப் பாவத்தின் கூலி என்று கருதியவர் அவர். 1857-ல் பட்டாளங்கள் எழுந்தபோது ஆக்ராக் கோட்டைக்குத் தப்பிச் சென்று, பிறகு படை திரட்டி வந்து, நம் நாட்டாரை எதிர்த்தே போரிட்டார். அதற்காக 1860-ல் விருதும் பெற்றார். அவரை நாம் பாராட்டும்போது இதை மூடி மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தக் குழப்பத்தில் அவர் இளமை முதல் சேகரித்திருந்த பறவைத் தோல்கள் யாவும் அழிந்து போயின. திரும்பி வந்தவர் முதலிலிருந்து தொடங்கினார்.

அந்தச் சீமையின் அமைப்பைச் சிறிது சொல்லவேண்டும். கங்கைக்கும் யமுனைக்கும் இடையேயுள்ள வண்டல் பூமி தாம்பாளம் போல் சமதளமானது. ஆறுகள் பழங்காலத்தில் விட்டுப்போன தடங்களிலும் தாழ்வான இடங்களிலும் மழைக்காலத்தில் நீர் தேங்கி, ஆழமற்ற பெரிய ஏரிகளாக நிற்கும். அந்நாட்டார் இவற்றை ஜீல் என்பர். நமது ஏரிகளைப்போல் கரை கட்டி, மதகு வைத்து, கலங்கல் விட்டு மனிதன் செய்தவை அல்ல. இயற்கையாகவே தேங்கி இயற்கையாகவே வற்றுபவை. ஆவணி முடியும்போது அவை ததும்பும். தாமரையும் அல்லியும் காட்டு நெல்லும் கோரையும் அடர்ந்து வளரும். சிங்காடா என்னும் நீர்க்கொட்டையை ஜனங்கள் அவற்றில் பயிரிட்டு, பானைகளின் மேல் மிதந்துகொண்டும் படகில் இருந்துகொண்டும் பறிப்பார்கள். மழை நின்று, வானம் தெளிந்து, காலையில் மெல்லிய பனி விழத் தொடங்கும் சரத் காலத்தில், இந்த ஏரிகளுக்கு வெளிநாட்டு விருந்தினர் வந்து சேருவர்.

வருவதிலும் ஒரு கிரமம் உண்டு. எல்லோருக்கும் முன்னே உள்ளானும் நீலச்சிறகி என்னும் சிறு வாத்தும் வந்துவிடும். ஆகஸ்டு கடைசியிலேயே அவற்றைக் காணலாம். அக்டோபரில் ஊசிவால் வாத்தும், தட்டைவாயனும், கிளுவையும் கூட்டங்கூட்டமாக இறங்கும். திபேத்தின் மேட்டு ஏரிகளில் குஞ்சு பொரித்த வரித்தலை வாத்துக்கள் இமயத்தைத் தாண்டி வரும். கடைசியாகப் பெருங்கொக்கினங்கள். மாசி முடிந்து வெயில் ஏறினால், வந்த கிரமத்தை ஏறக்குறைய மாற்றித் திரும்பிப் போய்விடும். எங்கிருந்து வருகின்றன, எவ்வழியாக வருகின்றன என்பதை அக்காலத்தில் ஒருவரும் நிச்சயமாக அறியார். பறவையின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி அதன் யாத்திரையை அறியும் முறையை டென்மார்க்கில் மார்டென்ஸன் என்ற உபாத்தியாயர் கையாளத் தொடங்கியதே 1899-ல்தான். அதற்கு முன் இருந்த சாதனம் ஒன்றே ஒன்று. இன்ன ஏரியில், இன்ன தேதியில், இன்ன பறவை, இத்தனை எண்ணிக்கை என்று ஒருவன் எழுதி வைப்பது; அடுத்த ஆண்டும் அதே ஏரிக்குப் போய் மறுபடியும் எழுதுவது. பல ஊர்களில் பலர் இப்படி எழுதிவைத்தால், தேதிகளைக் கோத்துப் பார்த்து வழியை ஊகிக்கலாம்.

ஹியூமுடைய உத்தியோகம் இதற்கு உதவியாக அமைந்தது. ஜில்லா அதிகாரிகள் மழைக்காலத்திலும் கோடையிலும் கச்சேரியில் இருந்து, குளிர்காலம் வந்தவுடன் கூடாரங்களைக் கட்டிக்கொண்டு கிராமங்களைச் சுற்றி வருவது அக்கால வழக்கம். ஜமாபந்தி பார்க்கும் முகாமும் பறவைகள் இறங்கும் பருவமும் ஒன்றாகவே வரும். ரயத்துக்களின் மனுக்களைக் கேட்டு முடித்த கலெக்டர் விடியற்காலையில் படகேறி ஏரிக்குள் போவார். மற்றத் துரைமார்களும் போனார்கள். ஆனால் அவர்கள் சுட்டதைத் தின்றார்கள். இவர் சுட்டதை அளந்து எழுதினார். பறவையின் எடை, நீளம், சிறகின் விரிவு, ஆணா பெண்ணா என்ற விவரம், இரைப்பையில் இருந்த இரை, கண்ணின் நிறம், அலகின் நிறம், காலின் நிறம் — யாவும் சுட்டவுடனே ஏட்டில் ஏறவேண்டும். உயிர் போன சிறிது நேரத்துக்குள் அலகும் காலும் நிறம் மாறிவிடும் ஆதலின், ஸ்தலத்திலேயே எழுதாத குறிப்பு பயன்படாது என்பது அவர் கொள்கை. 1874-ல் பறவை சேகரிப்போருக்காக அவர் வெளியிட்ட சிறு கைப்புஸ்தகம் முழுவதும் இத்தகைய நடைமுறை விதிகளே. வக்கீல் தொழில் செய்தவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். சம்பவம் நடந்தபோதே எழுதிய குறிப்புக்கும், பின்னால் ஞாபகத்திலிருந்து சொல்லும் வாக்குமூலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் கோர்ட்டுகளில் தினமும் பார்க்கிறோம் அல்லவா?

எடாவா ஏரிகளில் அவர் கண்டவற்றுள் தலையாயது சைபீரியப் பெருங்கொக்கு. ஆள் உயரத்துக்குச் சற்றே குறைந்து நிற்கும். உடல் முழுதும் பால் வெண்மை. சிறகின் நுனி மட்டும் கறுப்பு, அதுவும் பறக்கும்போதுதான் தெரியும். முகமும் காலும் சிவப்பு. வட சைபீரியாவின் சதுப்பு நிலங்களில் கூடு கட்டி, குளிர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து தெற்கே வரும் பறவை இது. பெட்டை இரண்டு முட்டை இட்டாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சே தேறும். அந்தக் குஞ்சு இலவங்கப்பட்டை நிறத்தோடு, தாய் தந்தை இருவருக்கும் நடுவே, முதல் குளிர்காலம் முழுவதும் அவற்றை விட்டுப் பிரியாமல் நடக்கும். எடாவாவின் ஜீல்களில் இக்குடும்பங்கள் குளிர்காலந்தோறும் வந்து தங்கின. ஹியூம் அவற்றைப் பல ஆண்டுகள் கவனித்து, 1868-ல் இங்கிலாந்தின் ஐபிஸ் என்னும் பட்சி சாஸ்திர சஞ்சிகையில் விரிவாக எழுதினார். பல கொக்குகளின் இரைப்பைகளைத் திறந்து பார்த்து, அவற்றில் நீர்ப்பூண்டுகளே நிறைந்திருக்கக் கண்டு, குளிர்காலத்தில் இப்பறவை ஏறக்குறைய சுத்த சைவம் என்று முடிவு செய்தார். நீருக்குள் நின்று கிழங்கைத் தோண்டி உண்ணும் பறவை, நீர் வற்றினால் வேறிடம் தேடவேண்டும். அதன் வாழ்வும் அந்த ஆழமற்ற ஏரிகளின் வாழ்வும் ஒரே முடிச்சில் கட்டுண்டவை. இது ஒரு நூற்றாண்டுக்குப் பின் எவ்வளவு முக்கியமான செய்தியாகப் போகிறது என்பதை எழுதியவர் அறிந்திருக்க மாட்டார்.

1867-ல் ஹியூம் எடாவாவை விட்டு உள்நாட்டுச் சுங்க இலாகாவின் கமிஷனரானார். உப்பு வரிக்காக ஸிந்து நதி முதல் மகாநதி வரையில் 2,300 மைல் நீளத்துக்குக் காவல் கோடு ஒன்றை அக்காலத்து ஸர்க்கார் வகுத்திருந்தார்கள். ஏறக்குறைய 12,000 பேர் அதைக் காத்து நின்றனர். அதில் பெரும் பகுதி முள்வேலி. காய்ந்த முள்ளை அடுக்குவதற்குப் பதிலாக உயிர் வேலியாக வளர்ப்பதில் ஹியூம் சிரத்தை காட்டினார். ஏழையின் உப்பை மறிக்க இவ்வளவு பெரிய வேலி போட்ட ராஜ்யம் உலகில் வேறு இருக்குமா என்பது சந்தேகமே. அதே வேலியின் மேலே, ஐப்பசிதோறும், சுங்கம் கட்டாமலே வாத்துக் கூட்டங்கள் கடந்து போய்க்கொண்டிருந்தன. வேலியை மேற்பார்த்த கமிஷனர் மேலே பறந்தவற்றையும் எழுதிக்கொண்டார்! ராஜபுதனத்துச் சாம்பர் உப்பு ஏரியை ஸர்க்கார் குத்தகைக்குப் பெறுவதற்கு ஜெய்ப்பூர், ஜோத்பூர் ஸமஸ்தானங்களோடு பேசி முடித்தவரும் அவரே. அவ்வேரியில் உப்பு இலாகா உத்தியோகஸ்தரான ஆடம் என்பவர், பூநாரைகள் முதலாக அங்கே கண்ட பறவைகளைப் பற்றிய நீண்ட ஜாபிதா ஒன்றைத் தயாரித்தார். ஹியூமின் கீழ் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தொற்று வியாதி பரவாமல் இருப்பது கடினம்.

அந்த வேலி 1879-ல் எடுபட்டது. உப்பு வரி அதோடு போகவில்லை என்பதையும், 1930-ல் அது என்ன ஆயிற்று என்பதையும் நமது நேயர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

1871-ல் வைசிராய் மேயோ பிரபு ஏற்படுத்திய விவசாய, வருமான, வர்த்தக இலாகாவுக்கு ஹியூம் காரியதரிசியாக நியமிக்கப்பட்டார். ஸிம்லாவில் ராத்னி காஸில் என்ற மாளிகையை வாங்கி, அதில் ஒரு பறவைக் காட்சிச்சாலையை அமைத்தார். 1872-ல் உதிர்ந்த இறகுகள் என்று பொருள்படும் பெயருடன் ஆங்கிலத்தில் ஒரு சஞ்சிகை தொடங்கினார். இந்தியப் பறவைகளுக்கென்றே நடந்த அச்சஞ்சிகை பதினொரு சம்புடங்கள் வெளிவந்தது. பத்திரிகை நடத்துவதன் தொல்லையை அறிந்தவர்கள் நாம். ஸர்க்காரின் ஒரு பெரிய இலாகாவைத் தலையில் சுமந்துகொண்டு இதையும் நடத்தினார் என்றால் நமக்கு வியப்பே மேலிடுகிறது. இச்சஞ்சிகையின் உயிர் அவருடைய கடிதப் போக்குவரத்துத்தான். காட்டிலாகாவினர், ரயில்வேக்காரர், போலீஸ் அதிகாரிகள், தோட்டக்காரர் என்று நாடெங்கும் பலர் அவருக்கு எழுதினர். நீலகிரியில் கோத்தகிரியில் வாழ்ந்த காக்பர்ன் அம்மையார் அந்த மலைப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி அனுப்பிய குறிப்புக்கள் ஹியூமுடைய நூலில் பல இடங்களில் காணப்படுகின்றன. ஹியூம் தாமும் ஸிந்துவுக்கும், அந்தமானுக்கும், 1875-ல் லட்சத்தீவுகளுக்கும், 1881-ல் மணிப்பூருக்கும் சென்று வந்தார். மார்ஷல் என்பவரோடு சேர்ந்து எழுதிய வேட்டைப் பறவைகள் பற்றிய மூன்று சம்புடங்கள் 1879 முதல் 1881 வரை வெளியாயின. நமது ஏரிகளுக்கு வரும் வாத்துக்களைப் பற்றி அறிய விரும்புவோர் இன்றும் அவற்றைப் புரட்டாமல் இருக்கமுடியாது.

இங்கே இரண்டு குறைகளை நாம் சொல்லியே தீரவேண்டும். அந்தச் சம்புடங்களில் எழுதியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். படகு தள்ளியவனும், கோரைக்குள் புகுந்து பறவையை எடுத்து வந்தவனும், கூடு இருக்கும் மரத்தைக் காட்டியவனும், தோலை உரித்துப் பதப்படுத்தியவனும் நம் ஜனங்கள். அவர்களுடைய பெயர்கள் அருமையாகவே காணப்படுகின்றன. எந்தப் பறவை எந்த நாளில் எந்த ஏரிக்கு வரும் என்பதை அந்த மீனவனும் வேடனும் துரைக்குச் சொல்லும் முன்பே அறிந்திருப்பர். ஆனால் அவ்வறிவு ஏட்டில் ஏறியபோது துரையின் அறிவாகிவிட்டது. மற்றொன்று, கொலை. ஒரு பறவையை நிச்சயமாக அடையாளம் காணவேண்டுமானால் அதைச் சுட்டுக் கையில் எடுக்கவேண்டும் என்பது அக்காலத்துச் சாஸ்திர விதி. நல்ல தூரதர்சினிக் கண்ணாடிகள் பரவாத காலத்தில் அந்த விதிக்கு நியாயம் இல்லாமற் போகவில்லை. என்றாலும் ஹியூமுடைய பெட்டிகளில் பல்லாயிரம் தோல்கள் குவிந்தன என்பதை எண்ணும்போது மனம் கூசவே செய்கிறது.

அவர் மனமும் கூசியிருக்க வேண்டும். 1880-ஐ ஒட்டிப் பிரம்மஞான சங்கத்தாரின் தொடர்பு ஏற்பட்டது. அச்சங்கத் தலைவர்களோடு அவருக்கு நெடுநாள் ஒத்துப்போகவில்லை. ஆனால் அதனால் ஏற்பட்ட சைவ உணவும் ஜீவ காருண்யமும் நிலைத்துவிட்டன. பறவைகளைக் கொன்று சேகரிப்பதை அவர் நிறுத்திக்கொண்டார். எடாவாவின் சைவக் கொக்கை அறுத்துப் பார்த்தவர் இருபது வருஷத்துக்குப் பின் தாமே சைவரானது விசித்திரமே.

உத்தியோகத்திலோ வேறு கதை நடந்தது. மேலதிகாரிகளுக்குப் பிடிக்காததை மறைக்காமல் எழுதும் குணம் அவருக்கு இருந்தது. நமது விவசாயிகளின் வறுமையைப்பற்றியும், விவசாயச் சீர்திருத்தத்தில் ஸர்க்கார் காட்டிய அசட்டையைப்பற்றியும் 1879-ல் ஒரு நூலே எழுதினார். லிட்டன் பிரபுவின் ஆட்சியில், அதே ஆண்டில், காரியதரிசிப் பதவியிலிருந்து இறக்கப்பட்டு மாகாண உத்தியோகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 1882-ல் உத்தியோகத்தினின்று விலகினார். இனி இந்தியப் பறவைகளின் முழுச் சரித்திரத்தை எழுதி முடிப்பதே மீதி வாழ்நாளின் காரியம் என்று எண்ணியிருந்தார். இருபத்தைந்து ஆண்டுக் குறிப்புக்களும், நண்பர்கள் அனுப்பிய கடிதங்களும், எழுதி வைத்த அத்தியாயங்களும் ராத்னி காஸிலில் மலைபோல் குவிந்திருந்தன.

ஒரு குளிர்காலத்தில் அவர் ஸிம்லாவை விட்டு வெளியே போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது காகிதங்கள் இல்லை. வேலைக்காரன் ஒருவன் அவற்றைத் திருடி, மூட்டை மூட்டையாகக் கடைத்தெருவில் பழைய காகித விலைக்கு விற்றுவிட்டிருந்தான்! ஸிம்லா பஜாரில் மளிகைச் சாமான் வாங்கியவர்கள், இந்தியப் பறவைகளின் சரித்திரத்தை ஒவ்வொரு தாளாக வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அந்த வேலைக்காரனைத் திட்டுவதில் நமக்கு ஒன்றும் கிடைக்காது. எழுத்தறியாதவனுக்கு அது காகிதம். எடை போட்டால் காசு. நம் ஊர்களில் ஏட்டுச் சுவடிகளை ஆற்றிலும் அடுப்பிலும் போட்டவர்கள் எழுத்தறிந்தவர்களாகவே இருந்தார்கள். அது கிடக்கட்டும். அச்சில் வந்தவை தப்பின. கையெழுத்தில் இருந்தவை போயின. எடாவா ஜீல்களில் அவர் ஆண்டாண்டாக எழுதியவற்றுள் எத்தனை அந்த மூட்டைகளில் போயிற்றோ! கொக்கைப்பற்றிய குறிப்பு 1868-லேயே அச்சேறிவிட்டது நம் நல்வினை.

அந்த அடியிலிருந்து ஹியூம் எழவில்லை. போதாக்குறைக்கு, கனமழையில் மலைச்சரிவு ஏற்பட்டுக் காட்சிச்சாலையும் சேதமுற்றது. நூல் எழுதும் எண்ணத்தையே அவர் விட்டார். 1885-ல் தம் சேகரம் முழுவதையும் லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து பௌட்லர் ஷார்ப் என்ற பண்டிதர் அதைக் கொண்டுபோக ஸிம்லாவுக்கு வந்தார். தேவதாரு மரத்தால் அங்கேயே 47 பெட்டிகள் செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் அரை டன் எடை. அவை மலையிலிருந்து இறக்கப்பட்டு, கால்கா வழியாகப் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்து கப்பலேறின. தோல், கூடு, முட்டை எல்லாம் சேர்ந்து அனுப்பப்பட்டவை சுமார் 82,000. அவற்றுள் பறவைத் தோல்கள் மட்டும் 63,000. இந்தியப் பறவைகளின் சேகரம் இந்தியாவை விட்டுப் போனதை எண்ணி வருந்துவோர் உண்டு. அவ்வருத்தம் நமக்கும் உண்டு. ஆனால் மழை, கரையான், பழைய காகிதக் கடை ஆகிய மூன்றையும் அனுபவித்தவர் அப்படிச் செய்ததைக் குற்றம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

பெட்டிகள் போன அதே ஆண்டின் கடைசியில் பம்பாயில் காங்கிரஸ் கூடியது. 1883 மார்ச்சு மாதத்தில் கல்கத்தா யூனிவர்ஸிடி பட்டதாரிகளுக்கு ஹியூம் எழுதிய பகிரங்கக் கடிதத்தில், தன்னலமற்ற ஐம்பது பேர் முன்வந்தால் போதும், ஒரு சங்கத்தைத் தொடங்கிவிடலாம் என்று கேட்டிருந்தார். பிறகு மாகாணம் மாகாணமாகக் கடிதம் எழுதினார், நேரில் சென்றார், ஒவ்வோர் ஊரிலும் நம்பத்தக்கவர் யார் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். சென்னையிலிருந்து சென்ற ஜி. சுப்பிரமணிய ஐயர் அந்தச் சபையில் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தார் என்பது தமிழ்ப் பத்திரிகை உலகம் பெருமையோடு நினைக்கும் செய்தி. இந்த முறையை ஹியூம் எங்கே கற்றார் என்று நமது சரித்திரக்காரர்கள் கேட்பதில்லை. பதின்மூன்று வருஷம் பறவைச் சஞ்சிகையை நடத்தியவருக்கு அதை வேறு எங்கும் கற்கவேண்டிய தேவை இருந்ததாக நாம் நினைக்கவில்லை. தூரத்து ஊரில் தான் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிற ஒருவன், அத்தகையவர் பலர், அவர்கள் எழுதியதை ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்கும் ஒரு சபை. ஏரியில் வாத்து எத்தனை என்பதற்கும், ஜில்லாவில் பட்டினி எத்தனை என்பதற்கும் அவர் கையாண்ட உபாயம் ஒன்றே.

காங்கிரஸில் அவர் பட்ட பாட்டை நமது நேயர்கள் அறிவர். 1894-ல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். வயது முதிர்ந்த காலத்தில் பறவைகளை விட்டுச் செடி கொடிகளில் புகுந்தார். 1910-ல் லண்டனின் தென்பகுதியில், சாமானிய ஜனங்களும் தாவர சாஸ்திரம் பயிலுவதற்காக ஒரு கழகத்தை நிறுவினார். அது இன்றும் நடைபெறுகிறது. 1912 ஜூலை 31-ல் அவர் காலமானார். அச்செய்தி எட்டியபோது, அவர் விட்டுப்போய் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும், எடாவா பஜாரில் கடைகள் அடைக்கப்பட்டன. பட்டாளங்களோடு போரிட்ட கலெக்டருக்கு அந்த ஊர் கொடுத்த மரியாதை அது.

அந்த ஏரிகள் என்ன ஆயின? பல வற்றியும் வடிக்கப்பட்டும் வயல்களாகிவிட்டன. எஞ்சியவற்றுள் எடாவா ஜில்லாவின் சர்ஸாயி நாவர் என்னும் ஏரி 2019-ல் ராம்ஸார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது. ஊர் விட்டு ஊர் போகாத சாரஸப் பட்சிகள் எடாவாவிலும் அடுத்த மைன்புரியிலும் மிகுதியாக வாழ்கின்றன. குடியானவர்கள் அவற்றைத் துன்புறுத்துவதில்லை. சைபீரியப் பெருங்கொக்குதான் போய்விட்டது. எடாவாவை விட்டபின் ஆக்ராவுக்கு மேற்கேயுள்ள பரத்பூர் ஏரியே இந்தியாவில் அதன் கடைசிப் புகலிடமாயிற்று. 1938 நவம்பரில் வைசிராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டைக் கோஷ்டி ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது அந்த ஏரியில்தான். 1960-களில் அங்கே ஏறக்குறைய 200 கொக்குகள் குளிர்காலத்தைக் கழித்தன. வரும் வழியில் வேட்டையாலும், தங்கும் ஏரிகள் வற்றியதாலும் அவை ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. 2001-02 குளிர்காலத்தில் ஒரே ஒரு ஜோடி வந்தது. கிழக்கு சைபீரியாவில் பிறந்து சீன தேசத்துப் போயாங் ஏரிக்குச் செல்லும் கூட்டத்தில் மட்டும் சில ஆயிரம் மிஞ்சியுள்ளன.

1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசியாவின் நீர்ப்பறவைகள் எண்ணப்பட்டு வருகின்றன. கூலி வாங்காத தொண்டர்களே பெரும்பாலும் எண்ணுகிறார்கள்; துப்பாக்கி கிடையாது; கண்ணாடியும் குறிப்புப் புஸ்தகமுமே ஆயுதம். நமது மாகாணத்து ஏரிகளிலும் இது நடைபெறுகிறது. இன்ன ஏரியில் இன்ன பறவை இத்தனை என்று எழுதுபவர்களுள் உபாத்தியாயர்களும், மாணாக்கர்களும், ஏரிக்கரைக் கிராமத்து வாலிபர்களும் உண்டு. பெயர்களும் நம்மவர் பெயர்களே. காணாததைக் காணவில்லை என்றும் எழுதவேண்டும் என்பது இவ்வேலையின் விதி. 2002-ல் பரத்பூரை விட்டு வடக்கே போன அந்த ஜோடிக்குப் பின், இந்தியாவில் எந்த ஏரியிலும் சைபீரியப் பெருங்கொக்கு குளிர்காலம் தங்கியதாகப் பதிவு இல்லை.